சூடு ஏறுவதற்கு முன்பே பயந்தவன்

காலையில் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. என் கூட்டாளி சுடலையின் வீட்டம்மா மாரியம்மாள். நேரில் பார்த்தால் நன்றாகப் பேசுவாளே தவிர, போனில் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் எடுத்தேன்.

"அண்ணாச்சி, அவிய எந்திரிக்க மாட்டேங்காவ. தொட்டுப் பாத்தா குளுந்து கிடக்கு. கொஞ்சம் வாங்களேன்" என்றாள். அழுகை இல்லை, பதற்றம் இல்லை. கடைக்குப் போய்ச் சீனி வாங்கிவரச் சொல்வதுபோல் சொன்னாள். பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் சாவியைத் தேடினேன். போய்ப் பார்த்தால் சுடலைமுத்து கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்தார். விடியப்போகிற நேரத்தில் உயிர் போயிருக்கும், நெஞ்சுதான் காரணம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

நம் மெக்கானிக் சங்கத்தில் அவனுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தபோது என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று பேசாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். மறைந்தவரை 'அவர்' என்றுதான் எழுதவேண்டும் என்று செயலாளர் சொன்னார். எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு தாசில்தாரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. போய்யா என்று அடித்துவிட்டேன். கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் ஒரே தகரக் கொட்டகைக்குள், எஞ்சின் அவனுக்கு, வயரிங் எனக்கு என்று பாதி ஆயுளைக் கழித்தவர்கள் நாங்கள். எனக்கு அவன் அவன்தான்.

உங்களில் பலருக்கு அவனைப் 'பயந்தாங்கொள்ளி சுடலை' என்றால்தான் தெரியும். கேலி செய்யாத ஆள் உண்டா? சுடுகாட்டுக் காவல்சாமி சுடலைமாடன் பெயரை வைத்துக்கொண்டு பல்லிக்குப் பயப்படுகிறானே என்று நானே எத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கியிருக்கிறேன். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்குக் கீழே, கட்டையும் கல்லும் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டமாட்டான். பேட்டரி வயரை நான் கழற்றிவிட்டேன் என்று சொன்ன பிறகும் வந்து குனிந்து பார்ப்பான். எங்காவது டீசல் டேங்க்குக்கு வெல்டிங் வைக்கிறார்கள் என்றால் ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடையில் நின்றுகொள்வான். ஆனால் ஒன்று. ஆண்பிள்ளை எவனும் வெளியே சொல்லாத ஒரு வார்த்தையை அவன் கூச்சமே இல்லாமல் சொல்வான். "எனக்குப் பயமா இருக்கு." என்னிடம் சொல்வான், வேலையாட்களிடம் சொல்வான், கார் விட வருகிற முதலாளிகளிடமும் சொல்வான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பவும் அதையே சொல்வான்.

அந்தச் சிவப்புக் கார் கதையை நீங்கள் பாதி பாதியாகக் கேட்டிருப்பீர்கள். முழுதாகச் சொல்கிறேன்.

தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ரத்தினசாமி அண்ணாச்சியை எல்லாருக்கும் தெரியும். அவருடைய ஆலை லாரிகள் அத்தனையும் எங்களிடம்தான் வேலைக்கு வரும். அவர் முகம் சுளித்தால் நாங்கள் கொட்டகையைப் பூட்டவேண்டியதுதான். அப்படிப்பட்டவர், ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆசை வந்து, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். இரண்டே பேர்தான் உட்காரலாம். எந்தக் கம்பெனி செய்தது என்று எழுதப்போவதில்லை. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை, வீணாக எதற்கு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முன்பக்கம் பம்பருக்குக் கீழே அகலமாக ஒரு வாய். ரேடியேட்டருக்குக் காற்று போக அந்த ஒரு வழிதான். அதற்குள் பார்க்கவேண்டுமென்றால் ரோட்டில் குப்புறப் படுக்கவேண்டும்.

வாங்கிய சில வாரங்களில் வண்டி சூடாக ஆரம்பித்தது. அதுவும் எப்போதும் இல்லை. சில நாள் தூத்துக்குடி வரை போய்த் திரும்பும், ஒன்றும் ஆகாது. சில நாள் எட்டயபுரம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் சூட்டு மீட்டரின் முள் மேலே போகும். நிறுத்தி ஆறவைத்து, மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வார். மறுநாள் டிரைவர் எங்களிடம் கொண்டுவந்து விடுவான். நாங்கள் பார்க்கும்போது வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும்.

எஞ்சின் வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கோளாறான சங்கதி என்று புரியும். சாதாரணமாக நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் எஞ்சின் சூடாகும், வேகத்தில் போனால் காற்று அடித்து ஆறிவிடும். இது தலைகீழாக இருந்தது. "காத்து அடிக்கயில சூடாவுது, காத்து இல்லாதப்ப ஆறுது. இது எந்த ஊரு நியாயம்லே?" என்று சுடலை தலையைச் சொறிந்தான். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றி, போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கட்டியிருந்த உப்பையெல்லாம் சுத்தம் செய்தான். கரிசல் புழுதி ஒரு பொட்டு இல்லாமல் முகப்பை அலசினான். வேகத்தில் பம்ப் இழுக்கும் இழுப்பில் கீழ் ஹோஸ் சப்பிக்கொள்ளுமே என்று அதையும் புதிதாகப் போட்டான். ஹெட் கேஸ்கட்டில் கசிவு இருக்குமோ என்று தண்ணீரில் குமிழி வருகிறதா என்று மணிக்கணக்காகக் கண் வைத்துப் பார்த்தான். நான் என் பங்குக்கு ஃபேன், சென்சார், வயர் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் காரணம் என்று நினைத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்தது.

ஒருநாள் அண்ணாச்சியின் மகளும் உடன் போயிருக்கிறாள். மறுநாள் அந்தப் பிள்ளையே எங்களிடம் வந்து சொன்னாள். "மாமா, திடீருன்னு கண்ணாடி முழுக்க ஆவி. முன்னால ரோடே தெரியல. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே வாரான். அப்பா எங்கன திருப்புதாங்கன்னே தெரியல. செத்துருவோம்னு நெனச்சேன்." ரோட்டோரம் ஒதுங்கி, ஒரு மர நிழல்கூட இல்லாத கரிசல் வெளியில், புகைகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு அப்பனும் மகளும் நின்றிருக்கிறார்கள். சுடலை கேட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு மத்தியானம் அவன் சோற்றுவாளியைத் திறக்கவில்லை.

அதே சாயங்காலம் அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றி வைத்திருந்தோம். "தண்ணி இருக்கான்னு பாப்போம்" என்று துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். பட்டென்று ஒரு சத்தம். சுடலை அவர் கையில் ஓங்கி அடித்துவிட்டான். வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஊரில் அண்ணாச்சி கையைத் தட்டிவிட்ட ஆள் அன்றுவரை கிடையாது. போச்சுடா, பிழைப்பு போச்சு என்று நினைத்தேன். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உள்ள கொதிக்கி. தொறந்தா மூஞ்சில அடிச்சு கண்ணு போயிரும். எனக்குப் பயம் வந்துட்டு" என்றான் சுடலை. அண்ணாச்சி கையைத் தடவிக்கொண்டே, "சரிவே, சரிவே, விடும்" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சூடாகும்போது பார்த்தால்தானே காரணம் தெரியும்? சூடாக்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். சித்திரை மாதம், உச்சி வெயில். அவன் ஓட்ட, நான் பக்கத்தில். நான்குவழிச் சாலையில் சாத்தூர்ப் பக்கம் விரட்டினோம். வெளியே பார்த்தால் வெடித்துக் கிடக்கிற கரிசல் காடு, கானல். அந்த வேகத்தில் எஞ்சின் சூட்டில் இறுகி நின்றுபோனால் சக்கரமும் இறுகி வண்டி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே இடதுகாலை கிளட்ச் பக்கத்திலேயே வைத்திருந்தான். "முள்ளு நகருதாலே?" "நகரல." "நல்லாப் பாரு." "பாத்துக்கிட்டுத்தாம்லே இருக்கேன், நீ ரோட்டப் பாரு." சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. டயரில் கல் தெறித்தால்கூட எஞ்சின்தான் என்று தோன்றியது. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. போனோம், வந்தோம், திரும்பவும் போனோம். முள் அசையவே இல்லை. கொட்டகைக்கு வந்து எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "சூடாயிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றான்.

அதன் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. அண்ணாச்சியின் பங்காளி வீட்டில் ஒரு சாவு, துட்டி. பதினாறு கழியும்வரை அவர் அந்தக் காரில்தான் அங்குமிங்கும் அலைந்தார். மதுரைக்குப் போனார், தூத்துக்குடிக்குப் போனார். வண்டி சூடாகவே இல்லை. அண்ணாச்சிக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு வழியா சரியாயிட்டுலே" என்றேன். சுடலை டீயைத் தொடவில்லை. "நான் என்ன செஞ்சு சரியாச்சு? சொல்லு பாப்போம். ஒண்ணும் செய்யல. தானா சரியாப் போச்சுன்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கெல்லாம் நல்லது நடந்தாலும் விளங்காது என்று ஏசிவிட்டு அவன் டீயையும் நானே குடித்தேன். துட்டி கழிந்து, அண்ணாச்சி தூத்துக்குடிக்குப் போன முதல் நாளே முள் உச்சிக்குப் போனது.

இந்த லட்சணத்தில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தூத்துக்குடி. கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் அந்தச் சிவப்புக் காரில் புறப்பட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. சம்பந்தியிடம் சொல்லியும் விட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி எங்களிடம் இருந்தது. சாவியை வாங்க அவரே வந்தார்.

"தரமாட்டேன் அண்ணாச்சி. காரணம் தெரியாம எப்படித் தருவேன்? எனக்குப் பயமா இருக்கு" என்றான் சுடலை.

"ஒமக்கு எதுக்குத்தாம்வே பயம் இல்ல? ஊரே சிரிக்கி. எம்மக அந்த வண்டியிலதான் போவா. சாவியக் குடுக்கீரா, இல்ல நாளையில இருந்து லாரியெல்லாம் வேற எடம் பாக்கட்டுமா?"

நான் சுடலையைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? நம்ம ரெண்டு குடும்பமும் எதத் திங்கும்? குடுத்துத் தொலையேம்லே!" என்று கத்தினேன். அவன் என்னை எதிர்த்துக் கத்தவில்லை. "அந்தப் பிள்ள 'ரோடே தெரியல'ன்னு சொல்லிச்சுல்லா, அதுல இருந்து எனக்கு உறக்கம் இல்லலே. நாளைக்கழிச்சு அதுதான் அதுல ஏறி உக்காரப் போவுது. புதுசா தாலி கட்டுன பிள்ள" என்றான்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். சாவியை அண்ணாச்சியிடம் நீட்டி, "கெளம்புற நேரம் நான் அங்கன நிப்பேன். எங்க கிட்ட இருக்கும்போது கெட மாட்டேங்கு, ஒங்க வீட்டுல இருந்து போனாத்தான் கெடுது. அப்ப வீட்டுல என்னமோ நடக்கு. அதப் பாக்கணும். நான் தலையாட்டினாத்தான் வண்டி நகரணும்" என்றான். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு சரி என்றார்.

இவனைத் தனியாக விட்டால் வாயைக் கொடுத்து எதையாவது வாங்கிக்கட்டிக்கொள்வான் என்று நானும் போனேன். வாசலில் வாழைமரம், சீரியல் பல்பு, சொந்தக்காரக் கூட்டம். பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். கடைசியாக அண்ணாச்சியின் மனைவி வடிவு மதினி வண்டிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். சந்தனம் வைக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சுடலை என் மணிக்கட்டைப் பிடித்தான், நகம் பதிந்துவிட்டது. மதினியின் கை பம்பருக்குக் கீழே, அந்த வாய்க்குள், முழங்கை வரைக்கும் போயிருந்தது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து நகர்ந்ததும் இவன் போனான். கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியோடு நடுரோட்டில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வாய்க்குள் பார்த்தான். "என்ன சுடலை, வண்டிக்கு விழுந்து கும்பிடுதீரா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது. எழுந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே ஒரு கொக்கியில், சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்று ஒரு முனையில் முடிச்சுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று என் காதில் சொன்னான்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? அந்தத் துணியை உருவி எடுத்து, எல்லார் முன்னாலும் ஆட்டிக் காட்டி, "பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டிருப்பேன். லாரியைக் காட்டி மிரட்டியவர் முன்னால் அப்படிக் கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அவன் கேட்கவில்லை. வடிவு மதினியை வாழைமரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டான். நான் பின்னால் நின்றேன்.

"மதினி, அந்தத் துணி எப்ப இருந்து வைக்கிய?"

"வண்டி வாங்குன நாள்ல இருந்து. எங்க கொலதெய்வம் அம்மனுக்குச் சாத்துன துணி. லாரின்னா பம்பர்ல கட்டலாம், இதுல எதையும் தொங்கவிடக் கூடாதுன்னு இவிய ஏசுதாவ. அதான் உள்ள கட்டிருதேன். தூரம் தொலைக்குப் போறப்ப மட்டும்."

"எங்க கொட்டகைக்கு வரும்போது?"

"எடுத்துருவேன். அம்மன் துணியில கிரீஸ் கை படப்பிடாதுல்லா?"

"பங்காளி வீட்டுத் துட்டி சமயம்?"

"அப்ப தீட்டுல்லா. எப்படித் தொடுவேன்? ஏன் கேக்கிய, என்ன?" மதினிக்குக் குரல் மாற ஆரம்பித்தது.

சுடலை குரலைத் தாழ்த்திக்கொண்டான். அப்புறம் சொன்னான். "மதினி, எனக்குப் பயமா இருக்கு. வண்டி வேகமாப் போவயில அந்தத் துணி சில நேரம் காத்துல விரிஞ்சு ரேடியேட்டர் மேல ஒட்டிக்கிடும். காத்து உள்ள போகாது. எஞ்சின் கொதிச்சுரும். நின்ன ஒடனே துணி கீழ தொங்கிரும், மேல இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது."

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப அன்னைக்கு எம்புள்ளைய..." என்றார். அவருடைய கூடப்பிறந்த தம்பி அந்தத் தூத்துக்குடி ரோட்டில்தான் அடிபட்டுப் போனவன். அந்த ரோட்டுக்குப் பயந்துதான் அம்மன் துணியைத் தேடிப் பிடித்திருக்கிறார். காப்பாற்றும் என்று கட்டிய துணி அதே ரோட்டில் தன் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று ஒரு தாய்க்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்த முகத்தை நான் பார்த்தேன். திரும்பப் பார்க்க விரும்பமாட்டேன்.

"அழாதிய மதினி. எல்லாரும் பாக்காவ. நீங்க பயந்து வச்சிய, நான் பயந்து வந்து நிக்கேன். இதுல யாரு தப்பு?" என்றான் சுடலை. "நீங்களே போய் எடுத்திருங்க. பிள்ள கையில குடுங்க. அம்மன் கூட வரட்டும், காத்து போற எடத்துல வேண்டாம், அம்புட்டுத்தான்."

மதினி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். வண்டி முன்னால் குனிந்து, முடிச்சை அவிழ்த்து, துணியை உதறி மடித்து, மகள் மடியில் வைத்தார். "எறங்குற வரைக்கும் கையில வச்சுக்கோ ஏட்டி" என்றார். அண்ணாச்சி சுடலையைப் பார்த்தார். "காத்து போற வழியில ஒரு அடைப்பு இருந்துச்சு அண்ணாச்சி. எடுத்தாச்சு" என்று தலையாட்டினான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வண்டி போனபிறகும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகையில் வந்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான். காரணம் கிடைத்துவிட்டது என்று தெரியும், ஆனாலும் ஒருவேளை வேறு ஏதாவது இருந்தால்? எட்டயபுரம் தாண்டியிருக்கும், குறுக்குச்சாலை தாண்டியிருக்கும் என்று இரண்டு பேரும் மனதுக்குள் வழியை எண்ணிக்கொண்டிருந்தோம். போன் அடித்தபோது எடுக்கப் பயந்து என்னிடம் தந்தான். "மாமா, வந்து சேந்துட்டோம். முள்ளு நகரவே இல்ல" என்றாள் அந்தப் பிள்ளை. சுடலை எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

மதினியின் அனுமதி இல்லாமல் இதையெல்லாம் எழுதுகிறேனே என்று யாரும் நினைக்கவேண்டாம். சுடலையின் துட்டி வீட்டில் அவரேதான் எல்லார் முன்னாலும் சொல்லி அழுதார். "எம்பிள்ளைய நானே கொன்னிருப்பேன். இவியதான் காப்பாத்துனாவ. ஒரு வார்த்த வெளிய சொல்லல, என்னயக் குத்திக் காட்டல" என்று மாரியம்மாளைக் கட்டிக்கொண்டார். அண்ணாச்சிக்கே அன்றுதான் விஷயம் தெரிந்தது. அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இனி நான் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

போன வருஷக் கடைசியிலிருந்து சுடலைக்கு நெஞ்சில் ஒரு இறுக்கம் வரும், போகும். எஞ்சினைத் தூக்கும்போது வரும், உட்கார்ந்தால் போய்விடும். நம்மைப்போல மறைக்கிற ஆளா அவன்? வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். இங்கே ஈசிஜி எடுத்தார்கள், நன்றாக இருந்தது. திரும்பவும் வந்தது, திரும்பவும் எடுத்தார்கள், அப்போதும் நன்றாக இருந்தது. "டாக்டர்கிட்டப் போனா நான் பச்சப்பிள்ள மாதிரி ஆயிருதேன்லே" என்று சிரித்தான். படுக்கவைத்து எடுத்தால் தெரியாது, நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையைத் திருநெல்வேலியில் போய்ச் செய்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நல்ல டாக்டர். சரியாகத்தான் சொன்னார்.

அவன் போனான். பெயரைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே டிரெட்மில் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்து பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏலே, கொதிக்கிற வெயில்ல அந்தக் காரப் போட்டு விரட்டுனியே, சூடானாத்தான் காரணம் தெரியும்னு. இதும் அதுதானலே? ஒனக்கே தெரியாதா?"

"தெரியும். ஆனா ஓடயில நெஞ்சு நின்னு போச்சுன்னா?" என்றான். "அன்னைக்கு நீ பக்கத்துல உக்காந்து முள்ளப் பாத்துக்கிட்டு இருந்த. இங்க பெஞ்சியில நான் ஒத்தையில இருந்தேன். பயம் வந்துட்டு."

சரி, நானும் வாரேன், கூடவே நிக்கேன், அடுத்த வாரம் போவோம் என்றேன். கோயில் கொடைத் திருவிழா கழியட்டும் என்றான். கொடைக்குக் கால் நாட்டிய அன்று காலையில்தான் மாரியம்மாள் போன் செய்தாள்.

ஊரையெல்லாம் பயந்து பயந்து காப்பாற்றியவன் தன் விஷயத்தில் மட்டும் பயந்து ஓடிவந்துவிட்டானே என்று நினைக்கும்போது, செத்தவன் என்றுகூடப் பார்க்காமல் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருக்கிறது. இன்றைக்கும் கொட்டகையில் ஏதாவது விழுந்து சத்தம் கேட்டால், "யாருக்கும் அடிபடலையே?" என்று அவன் ஓடிவருவான் என்று திரும்பிப் பார்க்கிறேன். அவன் இல்லாத கொட்டகையில் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்ட எனக்கே நடுக்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்ததும் மாரியம்மாள் அவனுடைய சாமான் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அது அவன் மகனுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பயத்தை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம். எனக்கும் அவன் வயதுதான். மாடிப்படி ஏறும்போது எனக்கும் சில மாதமாக இறுக்கம் வருகிறது, போகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். இலையில் பாதிச் சோற்றோடு எழுந்து அழுதாள். அந்த வாரமே என்னைத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்துபோனது எந்த இடத்தில் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் வாசலைத் தேடிக் கண் போனது. பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு சின்னப் பெண் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் வரிசையாக வயர்களை ஒட்டி, பெல்ட்டில் ஏற்றி நிறுத்தினாள். கம்பியை நான் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"இல்லம்மா, பயமாத்தான் இருக்கு" என்றேன். "நீ பக்கத்துலயே நில்லு. இப்ப ஓடவிடு."